நோவாகி என்றால் புதிதாய் வந்தவர்கள்

கதிரு, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரப் பதினைந்து நாள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். தினமும் போனில்தான் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அதிலேயே சொல்லிவிட வேண்டியதுதானே என்பாய். சொல்ல வரவில்லையடா. திரையில் உன் முகம் வந்தவுடன் சாப்பிட்டாயா, குளிருகிறதா என்பதற்கு மேல் எனக்கு வாய் திறப்பதில்லை. முப்பத்தொரு வருஷம் புதூர் கிளை அஞ்சலகத்தில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினவள் நான். என் பங்குக்கு என்று ஒரு நீளக் கடிதம் எழுதினதே இல்லை. இதை நீ ஒளித்து வைக்க வேண்டாம். மாயாவுக்கும் அவள் அப்பா யானெஸுக்கும் வரிக்கு வரி அவர்கள் பாஷையில் சொல்லிக் காட்டு. நம் ஊரில் யார் கேட்டாலும் நானே வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.

உன் கல்யாணம் முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் நீ ஒன்று கேட்டாய். யானெஸுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, பனி விழுவதற்குள் மாட்டையும் வயலையும் யார் பார்ப்பது என்று முடிவு சொல்லியாக வேண்டும், நகரத்து வேலையை விட்டுவிட்டு நான் இவர்கள் வீட்டோடு இருந்துவிடலாமா என்று நினைக்கிறேன் என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒனக்கும் நைனாவுக்கும் அவமானமா இருக்குமாம்மா? வேணான்னு ஒரு வார்த்த சொல்லு, நான் தங்கல" என்றாய். நான் பெட்டிக்குள் புடவையை மடித்து வைப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஏற்கெனவே மடித்திருந்த புடவைதான் அது. நீ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். பதில் மட்டும் வேண்டுமென்றால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாமல் அது உனக்குப் பிரயோஜனப்படாது.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாயாவின் போட்டோவை நீ முதல் தடவை அனுப்பினபோது மூன்று மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். வெள்ளைக்காரப் பெண் என்பதால் என்று நீ நினைத்தாய். அது கூட ஆறிப்போயிற்று. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஒற்றைப் பெண், பண்ணை வீடு என்று நீ சொன்னவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் வீட்டோடு மாப்பிள்ளையாகத்தான் போகப் போகிறான் என்று. வீட்டோடு மாப்பிள்ளைக்கு நம் பக்கத்தில் என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். அப்படி ஒருத்தர் தெருவில் போனால் உங்க நைனா இருமுவார், நான் சிரிப்பேன். அந்த இருமலும் சிரிப்பும் நமக்கே திரும்பி வரும் என்று அவர் பயந்துதான் கல்யாணத்துக்கே வரவில்லை. மாட்டைப் பார்க்க ஆள் இல்லை என்றது சும்மா. மாட்டைப் பார்க்க ஊரில் ஆளா இல்லை?

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்க்கிறவரை மலை என்றால் எனக்கு ஒரு கல்லும் அதன்மேல் ஒரு கோயிலும்தான். அங்கே பக்கம் பக்கமாக நெருங்கி நின்ற மலை முழுக்கப் பச்சை. நிற்கவே முடியாத சரிவில் புல் வளர்த்து, அதை வெட்டி, மரச்சட்டத்தில் மாட்டிக் காய வைத்திருந்தார்கள். ஆட்டுக்குட்டி கூட உருண்டு விழுகிற இடத்தில் மனுஷன் நின்று புல் அறுக்கிறானே, இவனுக்குக் கால் எதால் செய்தது என்று வாயைப் பிளந்தேன். வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இல்லை. இந்தச் சரிவில் ஒன்று, அந்தச் சரிவில் ஒன்று. கீழே ஓடுகிற ஓடையில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கையை விட்டுப் பார்த்தேன், அவ்வளவு தெளிவு. கை மரத்துப்போய் அரைமணி நேரம் எனக்கே சொந்தமில்லாமல் இருந்தது. தேன் பெட்டிகளுக்கு முன்பலகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். தேனீ தன் வீட்டை அடையாளம் கண்டுபிடிக்கவாம். அம்மாடி, பூச்சிக்குக் கூட வீட்டு விலாசம் எழுதி வைக்கிற ஜனங்களா என்று போஸ்ட் ஆபீஸ்காரிக்கு ஒரே சந்தோஷம்.

கல்யாணத்தன்று காலையில் நடந்ததை நீ எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாய். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று நான் சொன்னதே இல்லை. கீழே டவுனில் தங்கியிருந்தோம். உன் சிநேகிதன் வண்டி ஓட்ட, நீ முன்னால் கோட்டு போட்டுக்கொண்டு, நான் பின்னால் அரக்குப் பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டரும் மடியில் அதிரச டப்பாவுமாக, பெண் வீட்டுக்கு மலை ஏறிப் போகிறோம். ஒரு வளைவு திரும்பினவுடன் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மரக்கொம்பு. அதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள். ஒருத்தன் தோளில் ஆள் உயரப் புல்லரிவாள். ஒருத்தன் கையில் ரம்பம். ஒருத்தன் கையில் கோடாலி. வண்டி நின்றுவிட்டது. நீ சிரித்தாய். பயத்தில்தான் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு சாதியில், வேறு ஊரில் பெண் எடுக்கப் போகிறவன் வண்டியை நடுரோட்டில் மறித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பேப்பரில் படித்துப் படித்துத்தான் நான் தூக்கம் கெட்டவள். நீ கதவைத் திறப்பதற்குள் நான் இறங்கிவிட்டேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி அத்தனை வேகமாக ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கொம்புக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்து, "என் புள்ளைய ஒண்ணும் பண்ணாதீங்கப்பா, அவன் ஒத்த புள்ள, நாங்க திரும்பிப் போயிடறோம்" என்று நம் பாஷையிலேயே கத்தினேன். அப்புறம் கையிலிருந்த வளையல் இரண்டையும் கழற்றி, புல்லரிவாள் வைத்திருந்தவன் கையில் திணித்தேன். "இந்தா, எடுத்துக்கோ, தங்கம்தான்" என்றேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. புல்லரிவாளைக் கீழே போட்டான். தொப்பியைக் கழற்றினான். அவனுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒவ்வொருத்தராகக் கையில் இருந்ததைத் தரையில் வைத்தார்கள்.

நீ ஓடி வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாய். "யம்மா, யம்மா, இது வெளாட்டும்மா. வெளியூர் மாப்பிள வந்தா இப்படித்தான் மறிப்பாங்களாம். சம்பிரதாயம்மா" என்றாய். எனக்குக் காதில் விழுந்ததே தவிர உடம்பு நம்பவில்லை, கொம்புக்கு முன்னாலிருந்து நகரவே இல்லை. அதற்குள் மேலே சரிவிலிருந்து யானெஸ் ஒரு காலை இழுத்து இழுத்து ஓடி வந்தார். என்ன நடந்தது என்று யாரோ சொன்னார்கள். அவர் அந்தப் பையன் கையிலிருந்த வளையல்களை வாங்கி, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அவர் கண் சிவந்திருந்தது. சம்பந்தி முறையில் ஒரு ஆண்பிள்ளை என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை, நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தானே வேடிக்கை! எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், நடுரோட்டில். நீ வண்டியிலிருந்து அதிரச டப்பாவை எடுத்துவந்து என் மடியில் வைத்தாய். உன்னை ஒரு மரக்கட்டையை அறுக்கச் சொன்னார்கள். மொட்டை ரம்பத்தைக் கொடுத்து அறு என்றால் எவன் அறுப்பான்? நீ கோட்டைக் கழற்றிவிட்டு வேர்த்து வடிய அறுத்தாய். புல் வெட்டு என்றார்கள். கதிர் அறுக்கிற அரிவாளையே ஒழுங்காகப் பிடிக்காதவன் நீ. அந்த ஆள் உயர அரிவாளை வீசினபோது புல்லைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆபத்து. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிக்கிறபோதே கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கடைசியில் பெண்ணுக்கு மீட்புப் பணம் கேட்கிற கட்டம் வந்தது. அந்தப் புல்லரிவாள்காரப் பையன், பணம் வேண்டாம், அந்த அம்மா மடியில் வைத்திருக்கிற டப்பாவைக் கொடுத்தால் போதும் என்று சொன்னானாம். அறுபது அதிரசமும் பத்து நிமிஷத்தில் காலி. கொம்பைத் தூக்கினபோது எல்லாரும் ஒரே குரலில் என்னவோ கத்தினார்கள். இனிமேல் நம்ம ஆள் என்கிறார்கள் என்று நீ சொன்னாய்.

அன்று விருந்தில், கொழுக்கட்டையைச் சின்னதாகச் செய்து உள்ளே உருளைக்கிழங்கு வைத்த மாதிரி ஒன்றைத் தின்றுகொண்டே யானெஸிடம் கேட்டேன், உங்கள் ஊர்ப் பேருக்கு என்ன அர்த்தம் என்று. ஊர்ப் பேர் கேட்பது என் தொழில் புத்தி. நீதான் மொழிபெயர்த்தாய். நோவாகி என்றால் புதிதாய் வந்தவர்கள், புதுக் குடிகள் என்றார். எந்தக் காலத்திலோ இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் காடாக இருந்ததாம். எங்கிருந்தோ கொஞ்சம் ஜனங்கள் வந்து மரத்தை வெட்டி, சரிவைத் திருத்தி, நிலமாக்கிக் குடியேறியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களைப் புதிதாய் வந்தவர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவே பேராகிவிட்டது. மேல் நோவாகி, கீழ் நோவாகி என்று இப்போது இரண்டு ஊர். எத்தனை நூறு வருஷம் ஆச்சு என்றேன். தோளைக் குலுக்கினார். ஆகட்டுமே, பேரை மாற்றிக்கொள்கிற அளவுக்கு இங்கே யாரும் இன்னும் பழசாகவில்லை என்றார்.

கையில் எடுத்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டேன் கதிரு. நம் ஊர் பேர் என்ன? புதூர். புதுசாக வந்தவர்கள் கட்டின ஊர் என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம்? திருப்புலிவனம் இருக்கிறது, உத்திரமேரூர் இருக்கிறது, அவை பழைய ஊர்கள். அதற்கு நடுவில் எவனோ காட்டைத் திருத்திப் புது ஊர் கட்டினான், புதூர் ஆயிற்று. முப்பத்தொரு வருஷம் நாளுக்கு ஐம்பது நூறு தடவை அந்தப் பேரை முத்திரையில் குத்தியிருக்கிறேன். ஒரு நாளாவது யார் புதுசு, எங்கிருந்து வந்தோம் என்று கேட்டிருப்பேனா? நாமெல்லாம் ஏதோ ஏரிக்கரையிலேயே முளைத்தவர்கள் மாதிரி இருந்தோம். அவர்கள் அந்தப் பேரை வெட்கப்படாமல் நெற்றியில் எழுதி வைத்துக்கொண்டு, வருகிறவனை ஒரு மணி நேரம் மறித்து, சிரிக்க வைத்து, நம்ம ஆள் என்று சொல்லி உள்ளே விடுகிறார்கள்.

யானெஸ் இன்னொன்றும் சொன்னார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவரே அந்த ஊர்க்காரர் இல்லையாம். இரண்டு மலை தாண்டி வேறு பள்ளத்தாக்கில் பிறந்தவர். மாயாவின் அம்மா வீட்டுக்கு வந்து தங்கினவர். அவரையும் இதே வளைவில் மறித்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு ஆலைக்காரர் வீடு என்று பேர். மாவு அரைக்கிற ஆலை போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் யார் வந்து வாழ்ந்தாலும் அவர் ஆலைக்காரர்தான். யானெஸ் குடும்பப் பேர் என்ன என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆலைக்கார யானெஸ் என்றால்தான் தெரியும். இனிமேல் நீ ஆலைக்காரக் கதிர் என்று சொல்லி உன் முதுகில் ஒரு அறை வைத்தார். எனக்குச் சுருக்கென்றது, ஒப்புக்கொள்கிறேன். நம் பிள்ளைக்கு இன்னொருத்தர் வீட்டுப் பேரா என்று. அந்தச் சுருக்கைத்தான் நீ என் முகத்தில் பார்த்தாய்.

மறுநாள் என்னை அந்த மலை இடுக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாய். இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி ஏறி நிற்க, நடுவில் ஓடை, மேலே மரப்பாலம். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது. அங்கே மரக்குடிசைகள். போர்க்காலத்தில் எதிரிக்குத் தெரியாமல் ஒளித்து நடத்தின ஆஸ்பத்திரி என்றாய். காயம்பட்டவர்களைக் கண்ணைக் கட்டி, கால்தடம் தெரியாமல் இருக்க ஓடைத் தண்ணீரிலேயே தூக்கிக்கொண்டு வருவார்களாம். பல தேசத்து ஆட்கள், பாஷை தெரியாதவர்கள். சுற்றுப்பட்டு ஜனங்கள் தங்கள் சோற்றிலிருந்து பங்கு கொடுத்திருக்கிறார்கள். கடைசி வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறந்து காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் குடிசையில் இருந்த மரக்கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் விசும்பி விசும்பி அழுதேன். மகனைத் தூர தேசத்தில் விட்டுப் போகிற அழுகை என்று நினைத்து நீ என் தோளைத் தட்டினாய். அதில்லையடா. எனக்குத் தனத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

தனம் யார் என்று உனக்குத் தெரியும், மாயாவுக்குத் தெரியாது. செய்யாறு பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனும் கைக்குழந்தையுமாக வந்து, நம் ஏரிப் பாசனத்தில் நிலம் வாங்கிப் பயிர் வைத்தவள். நம் ஆட்கள்தான், சாதி கூட வேறு இல்லை. ஆனாலும் அவர்கள் வீட்டுக்கு ஊரில் பேர் "வந்தவூடு". ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறபோது வீட்டுக்கு ஒரு பானை கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து கோயில் அண்டாவில் ஊற்றுவோம், எல்லாம் ஒன்றாகக் கலந்தபின் ஊருக்கே கொடுப்போம். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பானையை வாங்கி ஊற்றுவது என் வேலை. தனம் வந்த வருஷம், இடுப்பில் குழந்தையும் தலையில் பானையுமாக வந்து, "அக்கா, ஊத்தட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டாள். "ஊர் வூடுங்க மொதல்ல ஊத்திடட்டும்மா, அப்படி வேப்பமரத்தாண்ட வை" என்றேன். எல்லாரும் ஊற்றி முடித்ததும், "அண்டா ரொம்பிடுச்சே" என்றேன். மறு வருஷமும் ரொம்பிவிட்டது. அதற்கு மறு வருஷமும். அப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள், நேராக வேப்பமரத்தடிக்கே போய் வைத்துவிடுவாள். வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதை வாங்கிக் குடிப்பார்கள். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வழக்கம் என்று நானே செய்தேன். அவளுக்கு வந்த கடிதங்களில் புதூர் என்றுதான் விலாசம் இருந்தது, புதூர் என்றுதான் முத்திரையும் குத்தினேன். முத்திரைக்கு அவள் ஊர்க்காரி, எனக்கு இல்லை.

இப்படிப்பட்டவளிடம் வந்து நீ, பிற ஊரில் பிறர் வீட்டில் தங்கட்டுமா என்று கேட்டால் நான் எந்த வாயால் பதில் சொல்வது? தங்கு, அவர்கள் நல்லவர்கள், உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை வேண்டாமா? அதனால்தான் குனிந்து புடவையை மடித்தேன். ஆடி வரட்டும், என் கையால் தனத்தின் பானையை அண்டாவில் ஊற்றிவிட்டு அப்புறம் பதில் எழுதுவோம் என்று விமானத்திலேயே தீர்மானம் செய்துகொண்டேன். பெரிய தியாகம் செய்யப் போகிறவள் மாதிரி எனக்குள் ஒரு பெருமை வேறு.

ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. வேப்பிலை கட்டின அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பத்து வீட்டுப் பானை கூட வந்திருக்காது. தனம் வந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை, நேராக வேப்பமரத்தடிக்குப் போய்ப் பானையை இறக்கினாள். அவள் கால் தானாகவே அங்கே போயிற்று. அதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது முழுசாகத் தெரிந்தது. "தனம், இங்க கொண்டாம்மா, ஊத்து" என்றேன். அவள் அசையவில்லை. உன் சித்தப்பா தர்மகர்த்தா தோரணையில் வந்து நின்றார்.

"இன்னா அண்ணி, வயக்கத்த மாத்தறீங்க? ஊர் வூடுங்க இன்னும் பாதி வரல, அதுக்குள்ள வந்தவூட்டுக்காரங்கள கூப்டுக்கினு கீறீங்க?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் கோபம் உனக்குத் தெரியுமே. "உன் பொண்டாட்டி எந்த ஊருய்யா?" என்றேன்.

"ஓரிக்கை. அதுக்கு இன்னா இப்போ?"

"உங்கம்மா?"

"அது இன்னாத்துக்கு..."

"நான் பொறந்தது தாமலு. வந்த வருசம் ஆடிக்குத் தாய் வூட்ல இருந்தேன், மறு வருசம் கூழ் கொண்டாந்தேன், எவனும் எந்த ஊருடின்னு கேக்கல, ஊத்திட்டேன். இந்த அண்டாவுல ஊத்தறவ அத்தினி பேரும் வந்தவதான்யா! இந்த ஊர்ல பொறந்த பொண்ணு ஒருத்தி கையால ஒரு சொட்டு கூழு இதுல வுழுந்துக்கீதா? அதுங்களத்தான் கட்டிக் குடுத்து வெளியூருக்கு அனுப்சிட்டமே!"

கூடியிருந்த பெண்கள் ஒரு நிமிஷம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். உன் சித்தப்பா, "ஒரே பேஜாரா போச்சுபா இவங்களாண்ட" என்று சொல்லிக்கொண்டே மேளக்காரர் பக்கம் நகர்ந்துவிட்டார். அந்த வார்த்தையை நான் யோசித்து வைத்துக்கொண்டு பேசவில்லை கதிரு, வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. நானும் பிறந்த ஊரை விட்டு, பிறர் வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பேரை வாங்கிக்கொண்டு, அந்த வீட்டு மாட்டைக் கறந்து வாழ்ந்தவள்தானே. நம் தெருவில் அத்தனை பெண்களும் செய்ததை நீ ஒருத்தன் செய்யக் கேட்டாய். அதற்கு எதற்கடா அவமானம்?

ஆனால் தனம் பானையைத் தூக்கவில்லை. நான் ஊரை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நிற்கிறேன், அவள் மெதுவாக எழுந்து என் எதிரில் வந்தாள். "நீ பேசனது நாயம்தான்க்கா. ஆனா நான் ஊத்த மாட்டேன்" என்றாள். "இருவத்திரண்டு வருசம் நீ வெக்கச் சொன்ன எடத்துல வெச்சேன். இன்னிக்கி ஊத்துன்னா ஊத்திக்கினு, நாளைக்கி வேற எவளாவது வெய்யின்னா வெச்சிக்கினு இருக்கணுமா? எனக்கா எப்ப ஊத்தணும்னு தோணுதோ அப்ப ஊத்தறேன்." சத்தம் போடவில்லை, அழவில்லை. அந்த மலைகளைப் பார்த்தபோது எப்படி நின்றேனோ அப்படித்தான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் பத்தடி தூரத்தில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள்.

மற்ற வீட்டுப் பானைகளை வாங்கி ஊற்றி முடித்தபின் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். "எனக்குக் கொஞ்சம் குடு தனம்" என்றேன். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இங்க நின்னு குடிக்காத. வூட்டுக்கு வா" என்றாள். அவள் வீட்டுக்குள் அன்றுதான் முதல் தடவையாகப் போனேன். மணியார்டர், தந்தி என்று எத்தனையோ தடவை வாசல் வரைக்கும் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. பாயை விரித்து உட்கார வைத்து, வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கூழ் ஊற்றினாள். என்னைவிட நன்றாகக் காய்ச்சுகிறாள், கட்டி ஒன்று கூட இல்லை. என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அடுத்த ஆடிக்கு அண்டாவில் ஊற்றுவாளா என்று எனக்குத் தெரியாது. அது அவள் இஷ்டம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உங்க நைனாவிடம் சொன்னேன். யானெஸும் வந்து தங்கினவர்தான் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அப்புறம், "அங்க எத்தினி மாடுன்ன?" என்றார். எட்டு என்றேன். "எட்டா! ஒருத்தனா எப்படிப் பாப்பான்? வேளைக்கி எவ்ளோ கறக்குதாம்?" என்றார். அன்றிலிருந்து தினம் ஒரு கேள்வி. அந்த மாட்டுக்குக் கொம்பு இருக்கிறதா, குளிரில் எங்கே கட்டுவார்கள், புண்ணாக்கு கிடைக்குமா என்று. பாஸ்போர்ட்டுக்கு எத்தனை போட்டோ வேண்டும் என்று நேற்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தால் ரோஷம் வந்துவிடும் என்று சிரிக்கவில்லை.

ஆகவே பதில் இதுதான். தங்கு கதிரு. மாயா வீட்டோடு, யானெஸுக்குக் கையாக, ஆலைக்காரக் கதிராக அங்கேயே தங்கு. எங்களுக்கு அவமானம் ஒன்றும் இல்லை. நாளைக்கு அந்த வளைவில் வேறொருத்தன் வந்து நின்றால், கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களில் நீயும் ஒருத்தனாக இரு. மொட்டை ரம்பத்தைக் கொடு, சிரி, ஆனால் கொம்பைத் தூக்கிவிடு. உன் அம்மா மாதிரி இருபத்திரண்டு வருஷம் மறித்துக்கொண்டு நிற்காதே.

இந்தக் கடிதம் கைக்கு வந்தவுடன் எனக்குப் போன் செய்ய வேண்டாம். முதலில் தனம் அத்தைக்குச் செய், அவள் நம்பரைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அன்று நான் கூழைக் குடித்துவிட்டு எழுந்தபோது அவள்தான் உன்னைப் பற்றிக் கேட்டாள். "புள்ள அங்கயே பொண்ணு வூட்ல இருந்துடப் போறானாமே, பேச்சுத் தொணைக்கி ஆள் கீதாக்கா?" என்றாள். நல்ல ஜனங்கள்தான் என்றேன். "நல்ல ஜனங்கதான், இருக்கட்டும். இருந்தாலும் மொத வருசம் கஸ்டமா இருக்கும்க்கா. சிரிச்சிக்கினு இருக்கறப்பவே தொண்டைய அடைக்கும். ஒன்னாண்ட சொல்ல மாட்டான், நீ அழுவேன்னு. என் நம்பரைக் குடு, எனக்குப் போன் போடச் சொல்லு. வந்த எடத்துல எப்படி இருக்கறதுன்னு நான் சொல்றேன் அவனுக்கு" என்றாள்.